மரக்கவிகள் காத்த காடு

கேரளத்தில் 1970களின் இறுதியில் சில கவிஞர்களுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: ‘மரக்கவிகள்’. கேலிக்காகச் சூட்டிய பெயர்தான். ஊருக்கு மின்சாரம் வருவதைக் குரங்குக்காகத் தடுக்கிறார்களே என்ற எரிச்சல் அதில் இருந்தது.

சண்டை பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றியது. அங்கே ஓடும் குந்திப்புழையை மறித்து நீர்மின் அணை கட்டக் கேரள மின்வாரியம் திட்டமிட்டிருந்தது. கட்டியிருந்தால் சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு மூழ்கியிருக்கும். சோலைமந்தி என்று நாம் சொல்லும் சிங்கவால் குரங்கின் வீடு அது. கிளைவிட்டுக் கிளை தாவி, மர உச்சிகளிலேயே பெரும்பாலும் வாழும் விலங்கு. மரத்தொடர் அறுந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஆபத்தை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் கவிஞர்கள் அல்லர். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத்தும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கமும் அணையால் வரும் லாப நட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்குக்குக் குரல் கொடுத்தவர் கவிஞர் சுகதகுமாரி. என்.வி. கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி. குருப், அய்யப்பப் பணிக்கர் போன்றவர்களுடன் சேர்ந்து ‘பிரகிருதி சம்ரட்சண சமிதி’ என்ற இயற்கைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தார். ஊர் ஊராகப் போய்க் கவிதை வாசித்தார்கள். அவருடைய ‘மரத்தினு ஸ்துதி’ அந்தக் கூட்டங்களின் வாழ்த்துப் பாடலைப் போலவே ஆகிவிட்டது. காட்டைக் கண்ணால் காணாதவர்களும் அதற்காகக் கவலைப்படத் தொடங்கினார்கள்.

1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டே பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது.

வெற்றிக்குப் பிறகு சுகதகுமாரி எழுதுமேசைக்குத் திரும்பி அமர்ந்துவிடவில்லை. கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் வரும் அட்டப்பாடியில், மரம் வெட்டப்பட்டு மொட்டையாகக் கிடந்த ஒரு குன்றை எடுத்துக்கொண்டார். உள்ளூர் மக்களோடு சேர்ந்து கன்று நட்டு, காவல் காத்துக் காடாக்கினார். அதன் பெயர் கிருஷ்ணவனம்.

சூழல் பற்றி எழுத நினைப்பவர்கள் அவரிடம் கற்க வேண்டியது இந்த வரிசையை: முதலில் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது, பிறகு எழுதுவது, எழுதியதோடு நிற்காமல் மண்ணில் இறங்குவது. நடுவில் உள்ளதை மட்டும் செய்தால் கவிதை மிஞ்சும்; காடு மிஞ்சுமா என்று சொல்ல முடியாது.

சுகதகுமாரி 2020 டிசம்பரில் கொரோனாவால் காலமானார். தமக்கு நினைவுச் சின்னம் எதுவும் வேண்டாம், ஓர் ஆலமரம் நட்டால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார்.