கடத்துக்குப் பின் கஞ்சிரா

மேல்நாட்டு கிதாரும் நம்ம மண் கடமும் சரிக்குச் சரி மோதினா எப்படி இருக்கும்?

1970களில் 'சக்தி' குழு அதைச் செஞ்சு காட்டுச்சு. ராக் மேடைகளில் கொடிகட்டிப் பறந்த ஜான் மெக்லாலின், சம்மணம் போட்டு உட்கார்ந்து கிதார் வாசிச்சார். தபலா, ஜாகிர் உசேன். கடம், நம்ம விக்கு விநாயக்ராம்!

சில வருஷத்தில் கலைஞ்ச குழு, ரொம்ப காலம் கழிச்சு மறுபடி கூடுச்சு. பிறகு அப்பா விநாயக்ராம் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார், கஞ்சிராவோடு. அந்தச் சின்னத் தோல்கருவிக்குள்ளே எத்தனை இடிமுழக்கம்! 2023இல் இந்திய மேடைகளில் நேரில் கேட்டவங்க கொடுத்துவெச்சவங்க. 2024இல் குழுவுக்குக் கிராமி விருதும் கிடைச்சுது.

அந்த செல்வகணேஷ்தான் நம்ம 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தோட இசையமைப்பாளர்!