மலைப்பாதையில் வீசிய பழ வாசனை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் இரண்டு வேன்களில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். அடிவாரத்தில் மலைவாழைத் தார் ஒன்றை வாங்கி ஏற்றிக்கொண்டோம். டம்டம் பாறையைக் கடந்ததும் என் தங்கை மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, வாந்தி எடுத்தாள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை உண்டா என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம். பெருமாள்மலையை நெருங்குவதற்குள் நான்கு முறை ஆகிவிட்டது. வேனுக்குள் கனிந்த பழத்தின் வாசனை வேறு. அவளுடைய நன்னி, குமட்டுகிறது என்று தாரைப் பின்னால் வந்த வேனுக்கு மாற்றச் சொன்னார்கள். தார் போயிற்று, வாசனை போகவில்லை. "இது பிள்ளையின் மூச்சிலிருந்தல்லவா வருகிறது!" என்றார்கள்.

அன்பு வாசகர்களே! மூச்சில் பழ வாசனை ஏன் வருகிறது என்பதை அறிய, நம் உடலின் அடுப்படிக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

சுவாசம் என்றதும் மூக்கையும் நுரையீரலையும் நினைக்கிறோம். அவை பிராணவாயுவைக் கொண்டுவந்து சேர்க்கும் வாசல்கள். உணவை எரித்து ஆற்றல் பெறும் சுவாசம் உயிரணுக்களுக்குள்ளே, பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகளில் நடைபெறுகிறது. சோற்றின் மாவுப்பொருள் குளுக்கோஸ் சர்க்கரையாகி, பின்னர் இரண்டு கரியணுக்கள் கொண்ட அசிட்டைல் என்னும் துண்டாக மாறி அடுப்பில் விழுகிறது. நெய்யின் கொழுப்பும் இரண்டிரண்டு கரியணுக்களாக வெட்டப்பட்டு அதே அசிட்டைலாகிறது. இறைச்சியின் புரதமோ முதலில் தன் நைட்ரஜனை யூரியாவாகக் கழித்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு அந்த அடுப்பிலேயே வந்து சேர்கிறது. அடுப்பினுள் நிகழும் வேதிச் சுழற்சியை 1937-இல் வகுத்துரைத்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அதற்காக 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

சர்க்கரை சுள்ளி போன்றது. சட்டெனப் பற்றும், விரைவில் தீரும். கல்லீரலில் அதன் சேமிப்பு சுமார் 100 கிராம்தான். கொழுப்பு கட்டை விறகு. ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், சர்க்கரை தருவதோ 4. புரதம் வீட்டின் கைமரம். அதைப் பிடுங்கி எரிப்பது பஞ்ச காலத்தில்தான்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒரு லிட்டர் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை எரித்தால் ஏறத்தாழ 5 கலோரியும், கொழுப்பை எரித்தால் 4.7 கலோரியும் கிடைக்கும். வேனில் சாய்ந்து போகும் நம் போன்றோருக்கு இது பொருட்டன்று. சுமை தூக்கி மலையேறுவோருக்கு மலைவாழைப்பழம் நல்ல துணை.

நோன்பு நோற்கும் நாளில் நம் உடல் இந்த விறகுகளை மாற்றிக்கொள்கிறது. ஸஹர் உணவின் சர்க்கரை குறையக் குறையக் கல்லீரலின் சேமிப்பு இறங்கும். பின்னர் கொழுப்பு மிகுதியாக எரியத் தொடங்கும். அப்போது அசிட்டைலின் ஒரு பகுதியைக் கல்லீரல் கீட்டோன்களாக்கி இரத்தத்தில் விடும். பட்டினி நீண்டால் மூளைகூட அவற்றை எரித்துக்கொள்ளும். நலமுள்ளவருக்கு இதனால் தீங்கில்லை. கணையத்தில் சுரக்கும் சிறிதளவு இன்சுலின் கடிவாளமாக நிற்கிறது.

அந்தச் சிறுமியிடம் இல்லாமற்போனது அந்தக் கடிவாளமே. இன்சுலின் இன்றித் தசைக்குள் சர்க்கரை சரிவர நுழையாது. இரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக நிற்க, உயிரணுக்களோ பட்டினி கிடந்தன. உடல் பஞ்சம் வந்ததென்று எண்ணிக் கொழுப்பைக் கட்டுக்கட்டாக அவிழ்த்துவிட்டது. அளவு மீறிய கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்கின. அவற்றுள் ஒன்றாகிய அசிட்டோன் மூச்சில் வெளியேறியது. பழ வாசனை அதுதான்.

மலைமேல் மருத்துவமனையில் விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரில் கீட்டோன் இருந்தது. உடனே உப்புநீரும் இன்சுலினும் ஏற்றி, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரமாக அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும், இரவில் பலமுறை எழுந்ததையும், மெலிந்ததையும் வெயிலின் மேல் போட்டுவிட்டிருந்தோம். படித்தவன் என்று பெயர், எனக்கும் தோன்றவில்லை. 1922 ஜனவரியில் டொரான்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்படும்வரை, இத்தகைய பிள்ளைகள் பிழைப்பதில்லை.

தாய்மார்களே! வாந்தியுடன் மிகுந்த தாகமும், ஆழ்ந்த வேகமான மூச்சும், பழ வாசனையும் சேர்ந்திருந்தால், மலைப்பாதையானாலும் வீடானாலும், அப்போதே சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பே இன்சுலின் போட்டுவரும் பிள்ளை, வாந்தியால் உண்ணவில்லை என்பதற்காக ஊசியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இவர்கள் ரமலானில் நோன்பு வைப்பது பற்றியும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது; பிடிவாதம் பிடிப்பது நாம்தான்.

சிறுமி ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள். இப்போது தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். அந்த வாழைத்தார் என்னவாயிற்று என்று கேட்டாள். மருத்துவமனைக்கு ஓடிய அவசரத்தில் வேன் கதவைச் சாத்தவில்லை. கொடைக்கானல் குரங்குகள் ஒரு பழம்கூட மிச்சம் வைக்கவில்லை.