பச்சை லேசர் ஏன் பளிச்சிடுகிறது?

மில்லிவாட்டை மட்டும் பார்த்து லேசரின் பிரகாசத்தை எடைபோடக் கூடாது. நிறத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பழகிய நம் கண், 555 நானோமீட்டர் பச்சையைத்தான் மிகக் கூர்மையாக உணர்கிறது. அதனால் 5 மில்லிவாட் சிவப்பைவிட (650 நானோமீட்டர்), அதே திறனுள்ள பச்சை (532 நானோமீட்டர்) கண்ணின் கணக்கில் ஏறத்தாழ 8 மடங்கு ஒளி தருகிறது. குறுகிய அலைநீளத்தைக் காற்று மூலக்கூறுகள் கூடுதலாகச் சிதறடிக்கும் என்பதால், இரவில் நட்சத்திரத்தைச் சுட்டும் பச்சைக் கதிர் வானில் கோடு கிழித்ததுபோல் தெரிகிறது.

திறனைக் கூட்டினால் சிவப்பும் ஈடுகொடுக்குமே என்று கேட்கலாம். கொடுக்கும், ஆனால் குறைந்தது 40 மில்லிவாட் வேண்டும், கண்ணுக்கு ஆபத்தும் அந்த அளவுக்கு ஏறும். குறுகிய அலைநீளம்தான் அதிகம் சிதறுமென்றால், 405 நானோமீட்டர் ஊதா இன்னும் பளிச்சிட வேண்டாமா? காற்று அதை அதிகம் சிதறடித்தாலும், கண் அதை மிகக் குறைவாகவே உணர்கிறது. மங்கலாகத் தெரிவதால் அது பாதுகாப்பானது என்று நம்பிவிடக் கூடாது. விழித்திரையைச் சுடுவது உள்ளே பாயும் ஆற்றல். அதற்குத் தோற்றம் அளவுகோலாகாது.