மாடி வீட்டில் ஒரு குட்டி, மூன்று ஊசி

நாலுகால் உறவு – தொடர் 11

நாய்க்குட்டி வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான்: "ஊசியை நாங்களே போட்டால் என்ன?" புதுக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மாடி வீட்டுக்காரர் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, த்ரீவீல் பிடித்து, வரிசையில் இருந்து திரும்பினால் அரை நாள் போய்விடும். நாயைக் கண்டதும் த்ரீவீல்காரர் சொல்லும் விலை தனி. இதற்கிடையில் ஊரில் ஆடு மாடு வளர்த்த மாமா ஒருவர், "ஊசிதானே, கொண்டா, நான் குத்திவிடுறன்" என்று முன்வந்திருப்பார்.

வீட்டில் போடுவது நல்லது. நாமே போடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் வீட்டின் பக்கம் பேசுவோம். நாய்க்குட்டிகளை அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று பார்வோ. வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். 1978 அளவில்தான் உலகம் முழுக்க நாய்களிடையே இது திடீரென்று பரவியது. இந்தக் கிருமி மலத்தோடு வெளியேறி மண்ணிலும் சீமெந்துத் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சவர்க்காரத்துக்கும் பெனாயிலுக்கும் அசையாது, புளீச் கரைசலுக்குத்தான் அடங்கும். நீதிமன்றங்களுக்கு ஆயிரம் பேர் வந்துபோகிற புதுக்கடைத் தெருவில் எந்தச் செருப்பு எதை மிதித்துவிட்டு நம் படியேறுகிறது என்று யார் கண்டது? ஊசி முடியாத குட்டியை அந்தத் தெருவிலும், நோயோடு வந்த குட்டிகள் காத்திருக்கும் இடத்தின் தரையிலும் விடுவதைவிட, டொக்டர் நம் வீட்டுக்கு வருவது எவ்வளவோ மேல். போகத்தான் வேண்டுமென்றால் மடியை விட்டு இறக்காதீர்கள்.

அடுத்தது மூன்று ஊசிக் கணக்கு. இதைத்தான் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று போட்டால் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பு, இரண்டு போட்டால் மூன்றில் இரண்டு பங்கு என்ற எண்ணம். அப்படியில்லை. குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலோடு தாயின் எதிர்ப்புச் சக்தி அதன் உடம்புக்குள் போகிறது. அந்தச் சக்தி நோய்க் கிருமியை மட்டுமில்லை, தடுப்பூசியில் இருக்கும் பலமிழந்த கிருமியையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகவே அது உடம்பில் நிறைய இருக்கும்வரை ஊசி வேலை செய்யாது. எப்போது வடியும் என்பதுதான் சிக்கல். ஒரு குட்டிக்கு ஆறாவது வாரத்தில் வடியும், அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்குப் பதினாறு வாரம்வரை இழுக்கும். நடுவில் ஒரு கெட்ட காலம் வேறு: தாய் தந்தது நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும். இந்தக் காலம் எந்தக் குட்டிக்கு எப்போது முடிகிறதென்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் பிடிக்கட்டும் என்று. சிறு விலங்கு வைத்தியர்களின் உலகச் சங்கம் சொல்லும் கணக்கு இது: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ. பத்தாம் வாரத்தில் இரண்டாவதைப் போட்டுவிட்டு "எல்லாம் முடிஞ்சுது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். முடியவில்லை.

இப்போது மாமாவின் ஊசிக்கு வருவோம். குத்துவது பெரிய வித்தையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கி அடியில் செலுத்துவார்கள். பழகாத கை தோலின் மறுபக்கத்தால் ஊசியை வெளியே கொண்டுவந்துவிடும். மருந்து மயிரை நனைத்திருக்கும், குட்டிக்கு ஒன்றும் போயிராது, கார்டில் மட்டும் திகதி ஏறிவிடும். ஆனாலும் குத்துவதைவிடக் கஷ்டமானது, அதற்கு முந்திய வேலை.

நல்ல டொக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் அவர் கையைக் கவனியுங்கள். ரெஜிஃபோம் பெட்டியோ ஐஸ் பெட்டியோ கொண்டுவருவார். ஊசிக்கு முன் குட்டியின் சூடு பார்ப்பார், முரசின் நிறம் பார்ப்பார், "கழிச்சல் இருந்ததா? பூச்சி மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்பார். காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. பிறகு இரண்டு சின்னக் குப்பிகளை எடுப்பார். ஒன்றின் அடியில் வெள்ளையாக உலர்ந்த வில்லை, மற்றதில் நீர்மருந்து. நீரை இழுத்து வில்லைக்குள் விட்டு, மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, உடனே போடுவார். கரைத்த மருந்தைப் பின்னேரத்துக்கு எடுத்துவைக்க முடியாது. குப்பியின் லேபலை உரித்துக் கார்டில் ஒட்டிக் கையொப்பம் வைப்பார். அந்த லேபலில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்கும்.

பெட்டியில் ஐஸ் ஏன்? தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடேறினால் உயிருள்ள கிருமி ஊசி செத்துவிடும். உறைந்தால் விசர் ஊசி, எலிக்காய்ச்சல் ஊசி போன்றவை கெட்டுவிடும். கெட்டதும் நல்லதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடேறும். மேல்தட்டு ஐஸைத் தொடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்படியான நாட்களைத் தாண்டி வந்த குப்பியையும் தாண்டாத குப்பியையும் பிரித்தறிய மாமாவால் முடியாது. என்னாலும் முடியாது.

சிக்கனம் பார்த்து ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு. குட்டி சின்னதென்று அளவைக் குறைக்கக்கூடாது. பொமரேனியன் குட்டிக்கும் ரொட்வைலர் குட்டிக்கும் அதே முழு அளவுதான்.

விசர் ஊசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இலங்கையில் விசர் நோய்க்கென்று 1893 இலேயே கட்டளைச் சட்டம் வந்தது. ஆனாலும் 1973 இல் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஏறத்தாழ 20 முதல் 30 வரை. நாய்களுக்குப் போட்ட ஊசியும் கடிபட்டவர்களுக்குப் போட்ட ஊசியுந்தான் இதைக் கீழே கொண்டுவந்தன. அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதருக்கும் நாய்க்கும் மீட்சியில்லாத நோய் இது. குட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கீறிவிட்டால் ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, நாய்க்கு ஊசி போட்டதா, கார்ட் எங்கே என்பது. மாமா போட்டார் என்ற பதில் அங்கே செல்லாது. அதைவிட மோசம், போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் விடுவது. சின்னக் குட்டிதானே என்று விடவும் கூடாது, வாங்கும்போதே நோய் உள்ளே இருந்திருக்கலாம். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டிக்கு முதல் விசர் ஊசி வழக்கமாக 12 வாரத்தில், அடுத்தது ஒரு வருடத்தில். சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதார மிருக வைத்தியப் பிரிவும் கொழும்பு மாநகர சபையும் நாய்களுக்கு இதை இலவசமாகவே போடுகின்றன என்பதால், பணம் ஒரு சாட்டாகவும் இருக்க முடியாது.

டொக்டரை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள் என்றால் காலையில் கூப்பிடுங்கள். ஒவ்வாமை வருவது அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே தெரியும்: முகம் வீங்கும், வாந்தி வரும், முரசு வெளிறும், குட்டி தளர்ந்து விழும். அட்ரினலின் ஊசி அவர் பையில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "டொக்டர், ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்று உபசரிக்கும் வழக்கம் இங்கே நன்றாகப் பயன்படும், இருபது நிமிடம் நிற்பார். அவர் போனபிறகும் சில மணி நேரம் முகத்தில் வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி, ஒரு நாள் சோம்பல், சாப்பாட்டில் அக்கறையின்மை, இவை பயப்பட வேண்டியவையல்ல. கட்டி சில வாரத்தில் கரையாவிட்டால் காட்டுங்கள்.

கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் கழித்துக் குட்டியைத் தெருவில் நடத்தலாம். ஆறு மாத அளவில் இன்னுமொரு ஊசி போடச் சொல்வது அந்த உலகச் சங்கத்தின் புதிய வழிகாட்டல். அந்தத் திகதியை இப்போதே கார்டில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: பூச்சி மருந்து எப்போது, எவ்வளவு.