பழைய பாட்டு, புது வழி



போன வருஷப் பாட்டுப் போட்டியில் ஒரு பழைய பாட்டை என் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடினேன். "பாட்டையே கெடுத்துட்டியே"ன்னு சொன்னாங்க. அழுகையா வந்தது. அப்போ மாமா கேட்க வைத்ததுதான் அமெரிக்க ஜாஸ் பாடகி பெட்டி கார்ட்டரின் (1929–1998) இசைத்தட்டு.

ஜாஸில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பாடும் பழைய பாட்டுகளுக்கு 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர். 1930, 40-களில் அவை 'ஸ்விங்' நடையில் பிரபலமாயின. ஸ்விங் என்றால் என்ன? ஒரு தட்டைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முதல் பாதியை நீட்டி அடுத்ததைக் குறுக்க வேண்டும். தொடையில் தட்டிப் பாருங்க, ஊஞ்சல் மாதிரி ஆடும்!

கார்ட்டர் இப்படிப்பட்ட பாட்டுகளின் வேகத்தையும் மெட்டையும் மாற்றிப் பாடினார். பெரிய கம்பெனிகளுக்காகத் தன் பாணியை விடாமல், 1970 வாக்கில் சொந்தமாக 'பெட்-கார்' நிறுவனம் தொடங்கினார். அதில் 1980-ல் வந்தது 'தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்'. சான் பிரான்சிஸ்கோவில் ரசிகர்கள் முன்னால் பாடிப் பதிவு செய்தது. 1988-ல் வந்த இன்னொரு இசைத்தட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது.

அப்போ நான் செய்தது சரியா? இல்லைங்க! மெட்டு முழுசாத் தெரிஞ்சவங்கதான் அதை மாத்த முடியும். எனக்கு ரெண்டாவது சரணமே சரியா வராது. முதல்ல அதைக் கத்துக்கிறேன். அடுத்த போட்டியில் கேளுங்க!