கக்கின பிள்ளைக்கு எதற்கு மருந்து?

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஏதோ ஒரு வீட்டில் இரண்டு மாதக் குழந்தை குடித்த பாலைக் கக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்துக்குள் ஆலோசனைகள் வரிசைகட்டி வந்துவிடும். “ஓமத் தண்ணி ஒரு சங்கு புகட்டு” என்பார் பக்கத்து வீட்டு அம்மா. “குடல் ஏறியிருக்கும், தட்டிட்டு வாங்க” என்பார் மாமியார். கணவர் மெடிக்கலுக்கு ஓடிப்போய் கிரைப் வாட்டர் வாங்கி வருவார். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் நாடாவை நிறுத்தாமல், “கக்கின புள்ள தக்கும், போங்கடி” என்பார்.

இந்த நால்வரில் இன்றைய குழந்தை மருத்துவத்தோடு ஒத்துப்போகிறவர் பாட்டிதான். அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. கக்கும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கு அது ஆபத்தின் அறிகுறி. அந்தச் சிலர் யார் என்று தெரிந்துகொண்டால், மற்றவர்களுக்கு ஒரு சொட்டு மருந்துகூட வேண்டியதில்லை.

ஏன் கக்குகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொள்வது அதன் வேலை. கைக்குழந்தைக்கு அது அடிக்கடி தானாகவே தளர்ந்து திறந்துகொள்ளும். உணவுக்குழாயும் குட்டை. சாப்பாடு முழுக்கத் திரவம். நாள் முழுக்கப் படுக்கை வேறு. போதாக்குறைக்கு, கைக்குழந்தை ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கிறது. அந்தக் கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 9 லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். அத்தனை பாலில் கொஞ்சம் திரும்பி வராமல் இருந்தால்தான் வியப்பு.

அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் கணக்கெடுத்தது. மூன்று மாதம் வரையிலான குழந்தைகளில் பாதிப் பேர் தினம் ஒரு முறையாவது கக்கினார்கள். நான்காம் மாதத்தில் அது மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் வெறும் 5 சதவீதமாகக் குறைந்தது. குழந்தை உட்காரக் கற்று, கெட்டியான உணவுக்கு வந்து, தசை வளையமும் பலப்பட்டதும் பிரச்சினை தானாக விலகிவிடுகிறது.

இதை ‘அசிடிட்டி’ என்று சொல்லிப் பயமுறுத்துவதிலும் பாதிதான் உண்மை. பால் குடித்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் இரைப்பையின் அமிலத்தைப் பாலே தணித்துவிடுகிறது. அப்போது மேலே வருவது பெரும்பாலும் பால்தான். எனவே அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் கக்குவது நிற்காது.

கையால் ஆகும் வைத்தியம்

பால் கொடுத்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி ஏப்பம் விட வைத்து, இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருப்பதுதான் முதல் வைத்தியம். வயிற்றை மடக்கும்படி உட்கார வைத்தால் பலன் இருக்காது. மார்பும் வயிறும் நேராக இருக்க வேண்டும். தாய் தறிக்கோ சமையலுக்கோ திரும்ப வேண்டிய வீட்டில், இந்த அரை மணி நேரத்தைத் தாத்தாவோ அப்பாவோ ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரே மூச்சில் நிறையக் கொடுப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது நல்லது. அழும்போதெல்லாம் பசி என்று நினைத்து மறுபடி மறுபடி ஊட்டினால் கக்குவது கூடும். மார்பகத்தின் கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகும்படி குழந்தை பிடித்துக் குடிக்கிறதா என்று பிரசவம் பார்த்த மருத்துவமனையின் செவிலியரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளலாம். சரியாகப் பிடிக்காத குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிளின் துளை பெரிதாக இருக்கக் கூடாது. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கரண்டி மாவுகூடச் சேர்க்கக் கூடாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை அறவே ஆகாது.

பாலைக் கெட்டியாக்கினால் கக்காது என்று ஆறு மாதத்துக்கு முன்பே அரிசி மாவும் கேழ்வரகுப் பாலும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தாய்ப்பாலில் கலந்த மாவை அந்தப் பாலில் இருக்கும் நொதியே கரைத்துவிடும் என்பதால் கெட்டித்தன்மை நிற்காது. கெட்டியாக்கிய பால் சில புட்டிப்பால் குழந்தைகளுக்கு உதவுகிறது என்பது உண்மை. அதை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

தாயின் பத்தியத்துக்கும் இதில் பெரிய பங்கு இல்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. பசும்பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தையும் இதே போலக் கக்கும். மலத்தில் ரத்தம், தோலில் தடிப்பு ஆகியவையும் சேர்ந்து வரலாம். மருத்துவர் அப்படிச் சந்தேகித்தால், பால், தயிர், மோர் முதலியவற்றைத் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். மற்ற தாய்மார்களைப் பருப்பும் ரசமும் மட்டும் தின்னச் சொல்லிப் பட்டினி போடுவதில் பயனில்லை.

படுக்கையும் தூளியும்

கக்கும் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால் பால் மூச்சுக்குழாயில் போகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். வரும் பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் நுழைய முடியும். தூங்கும் குழந்தைக்கு மல்லாந்த நிலையும், சமமான, உறுதியான படுக்கையும்தான் பாதுகாப்பு. குப்புறப் படுப்பது, விழித்திருக்கும்போது பெரியவர் கண்பார்வையில் மட்டும்.

சாய்வான படுக்கை நல்லது என்று விற்கப்பட்டதன் விலையை அமெரிக்கா கண்டது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அண்ட் ப்ளே’ என்ற சாய்வுத் தொட்டில்கள், முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்ததை அடுத்து, 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டன. விற்றிருந்தவை சுமார் 47 லட்சம். 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள படுக்கைகளை 2022-இல் அந்நாட்டுச் சட்டமே தடை செய்தது.

நம் ஊர்த் தூளியிலும் உடல் வளைகிறது. தாடை மார்பில் முட்டுகிறது. நிறைந்த வயிறு மடங்குகிறது. பால் குடித்த கையோடு தூளியில் போடாமல் இருப்பதே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். ஆட்டித் தூங்கவைத்த பிறகு பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டால் இன்னும் நல்லது.

இயற்கை என்ற பெயரில்

ஓமத் தண்ணீர், சோம்புத் தண்ணீர், தேன், உரை மருந்து எல்லாமே ‘இயற்கை’தான். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓமத் தண்ணீர் புகட்டினால் சின்ன வயிற்றில் பாலுக்கு இடம் குறைகிறது; சங்கிலும் தண்ணீரிலும் கிருமி இருந்தால் வயிற்றுப்போக்கு வருகிறது. சேனை வைக்கும்போது நாக்கில் தடவும் தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். ஒரு வயதுக்குள் அது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரக்கூடும்.

உரை மருந்தில் உரசும் ஜாதிக்காய் அளவு மீறினால் குழந்தை மயங்கிக் கிடக்கும். வீட்டார் ‘நல்லாத் தூங்குது’ என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு உரசும் வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்தது.

தொக்கம் எடுப்பதும் குடல் தட்டுவதும் இன்னும் ஆபத்தானவை. குழாய் வைத்து உறிஞ்சி, ஒரு பருக்கையைக் காட்டி, ‘இதுதான் சிக்கியிருந்தது’ என்பது கைத்திறன். அந்த வழியாக இரைப்பையை எட்டவே முடியாது. தலைகீழாகப் பிடித்துத் தட்டும்போது கக்கிய பால் மூச்சுக்குழாயில் போகலாம். குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம்.

பாட்டிலில் வரும் ஆபத்து

கிரைப் வாட்டரின் பூர்வீகம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். 1851-இல் வில்லியம் உட்வர்ட் தயாரித்த அந்தக் கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சாராயமும் இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியதன் ரகசியம் அதுவாகவும் இருக்கலாம். இன்றைய பாட்டில்களில் சாராயம் இல்லை. அது கக்குவதை நிறுத்தும் என்பதற்கான ஆதாரமும் இல்லை.

மருந்துச் சீட்டில் வரும் பெயர்களுக்கும் வரலாறு இருக்கிறது. கக்கும் குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட சிசாப்ரைட், இதயத் துடிப்பைக் குலைப்பதால் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அமிலக் குறைப்பு மருந்தான ரானிடிடின், புற்றுநோயைத் தூண்டக்கூடிய மாசு காணப்பட்டதால் 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. வாந்தி மருந்தான டாம்பெரிடோனை 12 வயதுக்குட்பட்டோருக்கு 2019-இல் பிரிட்டன் நிறுத்தியது. இங்கே அது இன்னமும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

லான்சோப்ரசோல் என்ற அமிலக் குறைப்பு மருந்தை 162 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியானது. மருந்து குடித்தவர்களில் 54 சதவீதத்தினர் தேறினார்கள். மருந்தில்லாத போலிக் கலவை குடித்தவர்களிலும் அதே 54 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளோ, மருந்து குடித்தவர்களிடம்தான் அதிகம். உணவுக்குழாயில் உண்மையாகவே புண் உள்ள குழந்தைக்கு இவ்வகை மருந்து தேவைப்படும். வெறுமனே கக்கி, அழுது, நன்றாக வளரும் குழந்தைக்கு வேண்டாம் என்கின்றன 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள்.

தேவையில்லாத சிரப் என்ன செய்யும் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தில், 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நிறுவனத்தின் உரிமம் அதே மாதம் ரத்தானது. அது இருமலுக்கான மருந்து, கக்குவதற்கானது அல்ல. ஆனால் அந்தக் குழந்தைகளில் பலருக்கும் வந்திருந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி சிரப் எழுதக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது அறிவுறுத்தியது.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பாட்டி சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

• வாந்தி பச்சை நிறமாக வருவது. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.
• இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள், ஒவ்வொரு முறையும் பால் பீய்ச்சியடித்து வெளியே விழுவது. இரைப்பையின் வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். சிறு அறுவைச் சிகிச்சையில் குணமாகும்.
• வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், வயிறு உப்பி இறுகுவது.
• எடை ஏறாமல் இருப்பது, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது.
• காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு, மூச்சு நின்று உடல் நீலமாவது.
• ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்குவது, ஒரு வயது தாண்டியும் நிற்காதது.

முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை கூட வேண்டும். அங்கன்வாடியிலோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து, தாய்–சேய் அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தால், கக்கிய துணிகளைத் துவைப்பதுதான் வீட்டாருக்கு மிஞ்சும் வேலை.

கேட்டுப் பெற வேண்டியவை

2011-இல் தொடங்கி, பிறகு விரிவாக்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். பாலாற்றங்கரைச் செவிலிமேட்டுக்காரர்களுக்கு அருகில் இருப்பது காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை. அங்கிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்பினால் 108 வண்டி வரும். போக வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

‘கக்காத பால் மாவு’ என்று யாராவது மாதிரி டப்பா நீட்டினால் அது குற்றம். 1992-இல் இயற்றி 2003-இல் கடுமையாக்கிய சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் மாவு, உணவு, புட்டி ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி, பரிசு தருவதையும் தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பெற்றோரே தெரிவிக்கலாம். அப்போது பாட்டிலும் தொகுதி எண்ணும் பில்லும் கையில் இருப்பது நல்லது. சிகிச்சை ஆவணங்களைப் பெற்றோர் கேட்டால், தனியார் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் வாங்கிய சிகிச்சையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பொய் விளம்பரம் பற்றி 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

அவசரமில்லாமல் மருத்துவரிடம் போகும்போது, எப்போது கக்குகிறது, என்ன நிறம், எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று இரண்டு நாள் குறித்துக்கொண்டு போனால் பாதிப் பரிசோதனை மிச்சமாகும். கக்கும்போது செல்போனில் ஒரு சிறு வீடியோ எடுத்துக் காட்டுவதும் உதவும். சீட்டில் மருந்து எழுதப்பட்டால், “இது எதற்கு, எத்தனை நாள், கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?” என்று அங்கேயே கேட்டுவிட்டு மெடிக்கலுக்குப் போகலாம்.