சொல்லால் வரையும் படம்

லங்காட் ஆற்றங்கரையிலுள்ள டெங்கில், ஒரு தலைமுறைக்கு முன்வரை தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். இன்று அதன் அண்டையில் இரு புதுநகரங்கள் எழுந்துள்ளன. ஒன்று ஆட்சிக்குரிய புத்ராஜெயா. மற்றொன்று, கணினித் தொழிலுக்கென்றே அமைக்கப்பட்ட சைபர்ஜெயா. புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கிலுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. புதுநகருக்கு இடம் விட்டவர்களின் பிள்ளைகள் கணினியைப் பார்த்து நிற்பவராக மட்டும் இருப்பதா, அதற்குக் கட்டளையிடுபவராகவும் ஆவதா? இவ்வினாவைப் பெரிய திட்டங்களுக்கே விட்டுவிடாமல், வகுப்பறையின் பயிற்சித்தாள் ஒன்றிலிருந்தே தொடங்கலாம் என்பது நம் கருத்து.

தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் 2003ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அம்முறையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. இருமொழிப் பாடத்திட்டம் நடக்கும் பள்ளிகள் நீங்கலாக, ஏனையவற்றில் இப்பாடங்கள் மீண்டும் தமிழில் நடக்கின்றன. ஆயின் பயிற்சித்தாளுக்குப் படம் வேண்டும்போது நாம் என் செய்கிறோம்? எங்கோ கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுகிறோம். வினா தமிழில் நிற்கும். படத்திலுள்ள பெயர்களோ மலாயிலோ ஆங்கிலத்திலோ நிற்கும். நான்கு அங்குலம் என்று வினா கூற, படம் மூன்றங்குலமாய்ச் சுருங்கியிருப்பதும் உண்டு. பாடம் நம்முடையது, படம் இரவல் என்னும் நிலை இது. இதற்கு மாற்றுவழி ஒன்று உண்டு.

அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கணினி அறிஞர் டொனால்டு குனூத், தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புச் செய்ய முனைந்தார். முதற்பதிப்பு ஈய எழுத்தில் அழகாக அச்சாகியிருந்தது. 1977இல் புதிய ஒளியச்சு முறையில் வந்த மெய்ப்புத்தாள்களைக் கண்டதும் அவர் மனம் வருந்தினார். கணிதக் குறிகள் அத்துணை அழகற்றுக் கிடந்தன. குறைகூறிக்கொண்டிராமல், தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுவே ‘டெக்’. பின்னர் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் எளிய கட்டளைகளை அமைத்து ‘லாடெக்’ என்பதை உருவாக்கினார். இவை இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன.

இம்முறையில் நாம் பக்கத்தைச் சுட்டியால் இழுத்து அமைப்பதில்லை. எப்படி அமையவேண்டும் என்பதைச் சொற்களால் எழுதுகிறோம். படமும் அவ்வாறே. குனூத், டெக்குடன் ‘மெட்டாபாண்ட்’ என்னும் துணைநிரலையும் படைத்தார். எழுதுகோல் எப்புள்ளியில் தொடங்கி எவ்வழி வளைந்து எங்கு முடிகிறது என்று எழுதிக் கொடுத்தால், அது எழுத்தை வரைந்து தரும். யூனிகோடு பரவுவதற்கு முன்பே, வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ரிட்ஜ்வே இவ்வகையில் தமிழெழுத்துகளை அமைத்தார். பின்பு ஜான் ஹாபி என்பவர் எழுத்துக்கன்றிப் படத்திற்கே உரிய ‘மெட்டாபோஸ்ட்’ நிரலை ஆக்கினார். இன்று பெரிதும் வழங்குவது, ஜெர்மானிய அறிஞர் தில் தாந்தாவ் உருவாக்கிய ‘டிக்ஸ்’ என்பது. ‘டிக்ஸ் ஒரு வரைதல் நிரல் அன்று’ என்று பொருள்படும் ஜெர்மானியத் தொடரின் சுருக்கமே அதன் பெயர். கையால் வரைவதன்று, சொல்லால் வரைவது என்பதையே அது குறிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். உண்மையான கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. பொருள் விளங்க அவற்றை இங்கே தமிழாக்கித் தருகிறோம்.

வரை (0,0) -- (4,0) -- (0,3) -- தொடக்கம்;

அடைப்புக்குள் முதலெண் வலப்புறத் தொலைவு. இரண்டாம் எண் மேல்நோக்கிய தொலைவு. வேறு குறிப்பில்லையெனில் அளவு சென்டிமீட்டர் ஆகும். இரு சிறுகோடுகள் ‘நேர்க்கோட்டால் இணை’ என்பதைக் குறிக்கும். ‘தொடக்கம்’ என்றது, புறப்பட்ட புள்ளிக்கே மீண்டு வடிவை மூடுக என்றவாறு. இவ்வொரு வரியால் செங்கோண முக்கோணம் ஒன்று தாளில் தோன்றும். அடி 4, உயரம் 3 ஆதலின் கர்ணம் 5 சென்டிமீட்டர். மாணவன் அளவுகோல் வைத்துப் பார்த்தாலும், தாளை அளவு மாற்றாமல் அச்சிட்டிருந்தால், அதுவே கிடைக்கும். இறுதியிலுள்ள அரைப்புள்ளியை மறத்தல் கூடாது. அது விடுபட்டால் கணினி அடுத்த வரியையும் இதனோடு சேர்த்துப் படித்துப் பிழையென நின்றுவிடும். புதிதாய்க் கற்போர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே.

இனி, திரும்பச் செய்தல் என்னும் கருத்தைப் பார்ப்போம். அதற்கு நம் வீட்டு வாயிற்கோலமே நல்லாசான். நடுவரிசையில் ஐந்து புள்ளி, அதன் மேலும் கீழும் மும்மூன்று, கடைசியில் ஒவ்வொன்று என 1, 3, 5, 3, 1 ஆகப் பதின்மூன்று புள்ளிகள் வைப்பதாகக் கொள்வோம். பதின்மூன்று கட்டளைகள் வேண்டுமோ? வேண்டா. வரிசை எண்ணை -2 முதல் 2 வரை செலுத்துக. நடுவரிசை 0 ஆகும். ஒவ்வொரு வரிசையிலும், அவ்வரிசை எண்ணின் குறியை நீக்கி 2இலிருந்து கழித்தால் ஓர் எண் வரும். நடுவிலிருந்து இருபுறமும் அத்தனைப் புள்ளி வைக்க. நடுவரிசையில் இருபுறமும் இரண்டிரண்டு, நடுப்புள்ளியோடு ஐந்து. அடுத்த வரிசையில் ஒவ்வொன்று, நடுப்புள்ளியோடு மூன்று. கடைசி வரிசையில் நடுப்புள்ளி மட்டுமே. இக்கட்டளையில் 2 என்னும் எண்ணை 3 ஆக்கினால் 25 புள்ளிகள். 4 ஆக்கினால் 41. ஓர் எண்ணை மாற்றக் கோலமே வளர்கிறது. படத்தை ஒட்டுவோர்க்கு இவ்வசதி இல்லை.

கோலத்தையும் கணினியையும் இணைப்பது வலிந்து கூறும் ஒப்புமையன்று. சென்னைத் தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிரிதிவாசனும், 1970களின் தொடக்கத்திலேயே இத்துறையில் ஆராய்ந்தனர். சொற்றொடருக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்திற்கும் இலக்கணம் உண்டு என்பது அவர்கள் நெறி. சில அடிப்படை வடிவங்களும், ஒன்றை மற்றொன்றாய் விரிக்கும் விதிகளும் இருந்தால், கோலங்களைப் பிறப்பிக்கலாம். கோலத்தைப் பற்றிய அவர்தம் கட்டுரை 1974இல் அயல்நாட்டுக் கணினி வரைவியல் இதழில் வெளிவந்தது. எழுத்தறியாப் பாட்டியும் விதிவழி நின்றே கோலமிட்டாள் என்பதை ஆய்வுலகம் இவ்வாறு அறிந்துகொண்டது.

புள்ளியைச் சுற்றி வளையும் கோட்டிற்கும் வழி உண்டு. தொடக்கமும் முடிவுமான இரு புள்ளிகளோடு, இடையே இரு கட்டுப்புள்ளிகளையும் தருகிறோம். கோடு முதற்கட்டுப்புள்ளியை நோக்கிப் புறப்படும். இரண்டாம் கட்டுப்புள்ளியின் திசையிலிருந்து வந்து முடிவைச் சேரும். அவ்விரண்டையும் பொதுவாகத் தொடுவதில்லை; அவற்றால் ஈர்க்கப்பட்டு வளையும். பிரான்சு நாட்டு ரெனால்ட் கார் நிறுவனத்தில் பணியாற்றிய பியர் பெசியேயின் பெயரால் இவ்வளைவு வழங்குகிறது. கார் உடலை வரையப் பயன்பட்ட கணிதமே சிக்குக் கோலத்தையும் வரைகிறது.

தமிழ் எழுதும் இடத்தில் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. ‘கெ’ என்று எழுதுகையில் கணினி ககரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறது. தாளிலோ கொம்பு முன்னே வரவேண்டும். ‘கொ’ என்பதில் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டும். பழைய டெக் நிரல் இதனை அறியாது. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ‘ஸீடெக்’ யூனிகோடு எழுத்துருக்களை நேரே கையாளும். எழுத்துகளை முறைப்படி கோக்கும் ‘ஹார்ப்பஸ்’ பகுதியுடன் அமைந்த ‘லுவாடெக்’ வகையையும் கொள்ளலாம். எதுவாயினும், தமிழ் எழுத்துரு ஒன்றைப் பெயர் சொல்லிக் குறித்தல் இன்றியமையாதது. மறந்தால் எழுத்து இருக்கவேண்டிய இடம் வெறிதாய் நிற்கும். எழுத்துருவுக்கு நாம் பிறரை நோக்கி நிற்கவேண்டியதில்லை. ‘முரசு’ மென்பொருளை 1980களிலேயே தந்தவரும், ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றுள்ள ‘இணைமதி’ எழுத்துருவை வடித்தவருமான முத்து நெடுமாறன் மலேசியத் தமிழரே.

இதனைக் கற்பதில் இடர் இல்லையென்று கூறமாட்டோம். முதல் முக்கோணத்திற்கு ஒரு மாலைப்பொழுது கழியக்கூடும். அதே நேரத்தில் பத்துப் படங்களை வெட்டி ஒட்டிவிடலாம் என்பதும் மெய்யே. ஒரே ஒருமுறை வேண்டும் படத்திற்கு இம்முயற்சி மிகை. ஆனால் ஆண்டுதோறும் வேண்டும் படத்திற்கு நிலை வேறு. ஓர் ஆசிரியர் எழுதிய நான்கு வரியை மற்றோர் ஆசிரியர் பெற்று, எண்ணை மாற்றித் தம் வகுப்புக்கு ஆக்கிக்கொள்ளலாம். பிழையிருப்பின் திருத்தியும் தரலாம். ஒட்டிய படத்தில் இது கூடுமோ?

மாணவர்க்கும் இதில் பயன் உண்டு. ‘முக்கோணம் வரை’ என்றால் கை வரைந்துவிடும். ‘முக்கோணத்தைச் சொல்’ என்றால் அறிவு வேலை செய்யவேண்டும். எங்கே தொடங்குவது, எத்துணைத் தொலைவு, எப்போது நிறுத்துவது என்பவற்றை ஐயமறக் கூறும் ஆற்றல் கணிதத்திற்கு மட்டுமன்று, நல்ல உரைநடைக்கும் அடிப்படை. கணினி இல்லாத வகுப்பிலும் இதனைத் தொடங்கலாம். ஒரு மாணவி 1, 3, 5, 3, 1 புள்ளிக் கோலத்தைப் பாராமல் சொல்லட்டும். மற்றவள் அவள் சொன்னபடியே கரும்பலகையில் இடட்டும். கோலம் எங்கே கோணுகிறதோ, அங்கே சொல்லில் குறையுண்டு. அக்குறையைக் கண்டு திருத்தும் மாணவி, நிரல் எழுதக் கற்கத் தொடங்கிவிட்டாள்.